ஏசி கம்ப்ரஸரில் டயருக்குக் காற்று

காரில் ஏசி பட்டனை அழுத்தியதும் பானட்டுக்குள்ளிருந்து 'டக்' என்று ஒரு சத்தம் வரும். இன்ஜின் ஒரு நொடி லேசாகத் தணிந்து மறுபடி சீராகும். ஏசி கம்ப்ரஸரின் முகப்பில் இருக்கும் காந்த கிளட்ச் ஒட்டிக்கொள்ளும் சத்தம் அது. அதுவரை பெல்ட்டோடு சேர்ந்து புல்லி மட்டும் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். கிளட்ச் ஒட்டிய பிறகுதான் உள்ளே பிஸ்டன்கள் ஓடத் தொடங்கி ஏசி கேஸை அழுத்தும்.

சரி, கேஸை அழுத்துகிற பம்ப் காற்றை அழுத்தாதா? அழுத்தும். அமெரிக்காவில் ஜீப் வைத்திருப்பவர்கள் பல பத்தாண்டுகளாக இதைச் செய்து வருகிறார்கள். ஏசி கம்ப்ரஸரின் உறிஞ்சும் வாயில் ஒரு ஃபில்டர், தள்ளும் வாயில் ஒரு ஹோஸ், நடுவில் சில வால்வுகள், கடைசியில் ஒரு சின்ன டேங்க். அவ்வளவுதான், வண்டியோடு சேர்ந்தே ஒரு காற்றுக் கடை வந்துவிடும். ஆஸ்திரேலியாவிலும் வளைகுடா நாடுகளிலும் மணலில் ஓட்டுபவர்களிடமும் இந்த ஏற்பாட்டைப் பார்க்கலாம்.

இதன் அருமை எனக்கு மணலில்தான் தெரிந்தது. அபுதாபியில் வேலை பார்த்த காலத்தில், விடுமுறை நாட்களில் நண்பர்களோடு லிவா பக்கம் மணல் மேடுகளுக்குப் போவோம். மணலில் இறங்குவதற்கு முன் நான்கு டயரிலும் காற்றை இறக்கி 15 பவுண்டுக்குக் கொண்டுவர வேண்டும். காற்று குறைந்ததும் டயர் தரையில் பரந்து உட்காரும், மணலில் புதையாது. மறுபடி தார்ச்சாலைக்கு வந்ததும் 32, 33 பவுண்டுக்கு ஏற்றியாக வேண்டும். தளர்ந்த டயரோடு நெடுஞ்சாலையில் வேகமாகப் போனால் டயரின் பக்கச்சுவர் மடிந்து மடிந்து சூடாகி வெடித்துவிடும். என்னிடம் இருந்தது பேட்டரியில் மாட்டும் சின்ன பம்ப். மூன்றாவது டயரிலேயே தொட முடியாத சூடாகிவிடும். அது ஆறும் வரை மணல் காற்றில் நிற்க வேண்டும். பக்கத்தில் ஒரு பழைய ஜீப்காரர் பானட்டிலிருந்து ஒரு ஹோஸை இழுத்தார். நான் இரண்டாவது டயருக்கு வால்வு மூடியைக் கழற்றும் முன் அவர் நான்கையும் முடித்துவிட்டுக் கை கழுவினார். பானட்டைத் திறந்து காட்டச் சொன்னேன். ஏசிக்கு ஒரு கம்ப்ரஸர், அதற்கு மேலே காற்றுக்கென்று தனியாக இன்னொரு கம்ப்ரஸர்.

ஏன் இவ்வளவு வேகம் என்பதற்கு ஒரு எளிய கணக்கு போதும். சான்டென் நிறுவனத்தின் 508 என்ற கம்ப்ரஸர் மிகப் பரவலானது. அந்த எண்ணிலேயே விவரம் இருக்கிறது: ஐந்து சிலிண்டர், எட்டு கன அங்குலத்துக்குச் சற்று மேல். அதாவது ஒரு சுற்றுக்குச் சுமார் 138 சிசி காற்று. இன்ஜினைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தால் கம்ப்ரஸர் நிமிடத்துக்கு 1800 சுற்று சுற்றும் என்று வைத்துக்கொள்வோம். 138ஐ 1800ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 250 லிட்டர். கசிவு, சூடு எல்லாம் போக அதில் அறுபது சதவீதம் கிடைத்தாலும் நிமிடத்துக்கு 150 லிட்டர். ஒரு ஜீப் டயருக்குள் ஏறக்குறைய 75 லிட்டர் இடம் இருக்கும். அதை 15 பவுண்டிலிருந்து 32 பவுண்டுக்கு ஏற்ற வெளிக்காற்று 90 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகவே தேவை. ஆக ஒரு டயருக்கு அரை நிமிடத்துக்குச் சற்று அதிகம். பேட்டரி பம்ப்பின் அட்டையில் 35 லிட்டர் என்று போட்டிருந்தால், அது சொன்னபடி நடந்தாலும் ஒரு டயருக்கு இரண்டரை நிமிடம் ஆகும். நடைமுறையில் சொன்னபடி நடக்காது. சின்ன பம்ப்பைச் சுற்றுவது சின்ன மோட்டார். இங்கே சுற்றுவது வண்டியின் இன்ஜின்.

இவ்வளவு நன்றாக இருந்தால் எல்லோரும் ஏன் செய்வதில்லை? இங்கேதான் விஷயமே இருக்கிறது. ஏசி கம்ப்ரஸர் காற்றுக்காகப் பிறந்ததில்லை. ஏசி கேஸ் அதற்குச் சத்தமில்லாமல் இரண்டு உதவிகளைச் செய்துகொண்டிருந்தது. ஒன்று, எண்ணெய் கொண்டுவந்து கொடுத்தது. இன்னொன்று, குளிரவைத்தது. காற்று இந்த இரண்டையுமே செய்யாது. மாற்றி அமைக்கும் வேலை முழுவதும் இந்த இரண்டு உதவிகளுக்கும் மாற்று தேடும் வேலைதான். இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

முதலில் எண்ணெய். சென்னை புதுப்பேட்டையில் ஒரு பழைய சான்டென் கம்ப்ரஸரை வாங்கிவந்து பிரித்துப் பார்த்தேன். பின்மூடியைக் கழற்றியதும் பிளேடு போல மெல்லிய எஃகு நாக்குகள் தெரிந்தன. அவைதான் வால்வுகள். உறிஞ்சும்போது ஒன்று வளைந்து வழிவிடும், தள்ளும்போது இன்னொன்று. அதற்குக் கீழே வட்டமாக ஐந்து ஓட்டைகள், ஓட்டைக்கு ஒரு பிஸ்டன். ஐந்து பிஸ்டன்களின் கம்பிகளும் ஒரே தட்டில் வந்து சேர்கின்றன. ஷாஃப்டைக் கையால் சுற்றினால் அந்தத் தட்டு சுற்றவில்லை. ஓயப்போகும் பம்பரம் தலையாட்டுவது போலத் தள்ளாடியது. தட்டு ஒரு பக்கம் சாயும்போது அந்தப் பக்கத்துப் பிஸ்டன் தள்ளுகிறது, எதிர்ப்பக்கத்துப் பிஸ்டன் உறிஞ்சுகிறது. அழகான வேலைப்பாடு. ஆனால் கார் இன்ஜினில் இருப்பது போல அடியில் எண்ணெய்த் தொட்டி என்று ஒன்றைத் தேடினேன், இல்லை. உட்புறம் முழுக்க மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டும் மினுமினுத்தது.

அந்த எண்ணெய் கேஸோடு கலந்து ஊர் சுற்றுகிற எண்ணெய். கம்ப்ரஸரிலிருந்து கிளம்பி, கண்டென்ஸர் வழியாகப் போய், கூலிங் காயிலைச் சுற்றி, உறிஞ்சும் குழாய் வழியாக மறுபடி கம்ப்ரஸருக்கே திரும்பி வரும். மூடிய வட்டம் என்பதால் ஒரு சொட்டும் வீணாவதில்லை. கேஸுக்குப் பதில் காற்றை ஓட்டினால் வட்டம் அறுந்துவிடுகிறது. எண்ணெய் காற்றோடு வெளியே போகும், திரும்பி வராது. முதல் சில நாட்கள் நன்றாகத்தான் ஓடும். அப்புறம் கீச்சென்று சத்தம் வரும். அதற்கும் அப்புறம் பிஸ்டன் சிலிண்டரோடு கடித்துக்கொண்டு நின்றுவிடும். ஆல்டர்னேட்டரையும் வாட்டர் பம்ப்பையும் அதே பெல்ட் ஓட்டுகிறது என்றால், பெல்ட் அறுந்த இடத்திலேயே வண்டியும் நிற்கும்.

இதற்காகத்தான் ஜீப்காரர்கள் யார்க் என்ற பழைய கம்ப்ரஸரைத் தேடி அலைகிறார்கள். 1970களின் அமெரிக்க ஜீப்களிலும் ஃபோர்டு பிக்கப்களிலும் வோல்வோ 240 கார்களிலும் வந்தது. செங்குத்தான இரண்டு சிலிண்டர், பெட்டி மாதிரி சதுர உடம்பு, பார்க்கவே சின்ன இன்ஜின் போல இருக்கும். அடியில் சொந்தமாக எண்ணெய்த் தொட்டி உண்டு. 210 என்ற பெரிய மாடல் ஒரு சுற்றுக்குப் பத்து கன அங்குலம் இழுக்கும். கேஸ் வந்து எண்ணெய் கொடுக்க வேண்டிய அவசியம் அதற்கு இல்லை. கனம் அதிகம், ஓடும்போது அதிர்வும் அதிகம். ஆனாலும் காற்று வேலைக்கு அதுவே நல்லது என்று நானும் சொல்வேன். நம் ஊரில் கிடைப்பது அரிது என்பதுதான் வருத்தம்.

கையில் இருப்பது சான்டென் வகை என்றால் இரண்டு வழி. உறிஞ்சும் வாயில் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விடும் ஒரு லூப்ரிகேட்டரைப் பொருத்தலாம். காற்றில் ஓடும் ஸ்பேனர்களுக்கு ஒர்க்‌ஷாப்பில் வைத்திருப்பார்களே, அதே சாமான். இல்லாவிட்டால் பக்கவாட்டில் இருக்கும் எண்ணெய் மூடி வழியாக உள்ளே கிரீஸ் அடைக்கலாம். கிரீஸ் வழி சுலபம், ஆனால் உள்ளே எங்கே எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. என் ஓட்டு லூப்ரிகேட்டருக்குத்தான், கண்ணாடிக் கிண்ணத்தில் அளவு கண்ணுக்குத் தெரியும். ஒன்று மட்டும் மறக்கக் கூடாது. நீங்கள் விடும் எண்ணெய் காற்றோடு வெளியே வந்தே தீரும். அதனால் தள்ளும் பக்கத்தில் எண்ணெய் பிரிக்கும் ஃபில்டர் ஒன்று கட்டாயம். எண்ணெய் கலந்த காற்று டயருக்குள் தொடர்ந்து போவது ரப்பருக்கு நல்லதில்லை. இந்தக் காற்றை மனிதர் மூச்சுக்குப் பயன்படுத்தவே கூடாது. தண்ணீருக்குள் மூழ்கி வேலை செய்பவருக்கு இதிலிருந்து ஹோஸ் கொடுக்கும் யோசனை யாருக்காவது வந்தால் அப்போதே தடுத்துவிடுங்கள்.

அடுத்தது சூடு. சைக்கிளுக்குக் கைப்பம்ப்பில் காற்றடித்தவர்களுக்குத் தெரியும், பம்ப்பின் அடிப்பகுதி சுடும். காற்றை நெருக்கினால் சூடாகும், அது இயற்கை. 35 டிகிரி காற்றை 100 பவுண்டுக்கு ஒரே மூச்சில் அழுத்தினால், சூடு வெளியேற வழியே இல்லை என்று வைத்துப் போடும் கணக்கில் 280 டிகிரி வரை வருகிறது. உலோக உடம்பு ஒரு பங்கை உறிஞ்சிக்கொள்வதால் நிஜத்தில் அவ்வளவு போகாது. ஆனாலும் தண்ணீர் கொதிக்கும் அளவை எளிதாகத் தாண்டும். ஏசி கேஸுக்கு இந்தப் பிரச்சினை குறைவு. அதே அளவுக்கு நெருக்கினாலும் அது காற்றைப் போலச் சூடேறாது. போதாக்குறைக்கு, கூலிங் காயிலிலிருந்து சில்லென்று திரும்பி வந்து கம்ப்ரஸரையும் குளிர்வித்துவிட்டுத்தான் போகும். வெளிக்காற்று அப்படி இல்லை. சுடும் பானட்டுக்குள்ளிருந்து உறிஞ்சினால் இன்னும் மோசம். ஆகவே உறிஞ்சும் ஃபில்டரை ரேடியேட்டருக்குப் பக்கவாட்டிலோ, தண்ணீரும் தூசியும் எட்டாத உயரத்திலோ வைக்க வேண்டும்.

கம்ப்ரஸரிலிருந்து கிளம்பும் முதல் ஹோஸ்தான் எல்லாச் சூட்டையும் தாங்குகிறது. சாதாரண ரப்பர் ஹோஸும், கடையில் நீல நிறத்தில் தொங்கும் பிளாஸ்டிக் குழாயும் அங்கே ஆகாது. உள்ளே டெஃப்லான், வெளியே எஃகு வலைப் பின்னல் உள்ள ஹோஸ் வேண்டும். ஹோஸுக்குப் பிறகு ஒரு மீட்டர் செம்புக் குழாய் போட்டால் காற்று போகிற போக்கில் சூடு தணியும்.

லாரிகளைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். ஏர் பிரேக் உள்ள லாரியில் காற்று கம்ப்ரஸர் பிறவியிலேயே உண்டு. நாள் முழுக்க ஓடுகிறது, கெடுவதில்லை. ஏன்? அதற்கு எண்ணெய் இன்ஜினிலிருந்தே குழாய் போட்டு வருகிறது, போன எண்ணெய் இன்ஜினுக்கே திரும்புகிறது. குளிர்ச்சிக்கு உடம்பில் துடுப்புகள் இருக்கும், இல்லையென்றால் தலைப்பகுதியில் ரேடியேட்டர் தண்ணீர் ஓடும். காற்றுக்கென்றே செய்த கம்ப்ரஸரில் இரண்டு உதவிகளையும் முன்யோசனையோடு வைத்திருக்கிறார்கள். நாம் ஏசி கம்ப்ரஸரில் பின்யோசனையோடு வைக்கப் பார்க்கிறோம். அதனால் அது நாள் முழுக்க ஓடாது. ஐந்து நிமிடம் ஓட்டினால் கொஞ்சம் ஆறவிட வேண்டும்.

இனி காற்று போகும் வழியைத் தொடர்ந்து போவோம். கம்ப்ரஸரின் வாய்களில் எஸ், டி என்று ஆங்கில எழுத்து பொறித்திருக்கும். எஸ் உறிஞ்சும் வாய், டி தள்ளும் வாய். டி வாயிலிருந்து சூடு தாங்கும் ஹோஸ், அதற்குப் பிறகு நான்-ரிட்டர்ன் வால்வு. இது இல்லாவிட்டால் கம்ப்ரஸர் நின்றதும் டேங்க்கில் இருக்கும் காற்று பின்னால் வந்து அந்த மெல்லிய நாக்கு வால்வுகளின் வழியே கசியும். அதற்குப் பிறகு எண்ணெய் பிரிக்கும் ஃபில்டர், பிறகு டேங்க். டேங்க்கில் நான்கு சாமான்கள் இருக்கும்: பிரஷர் சுவிட்ச், கேஜ், சேஃப்டி வால்வு, அடியில் தண்ணீர் இறக்கும் காக்.

பிரஷர் சுவிட்ச்தான் மூளை. டேங்க்கில் 120 பவுண்டு ஏறியதும் கிளட்ச்சுக்குப் போகும் கரண்ட்டை வெட்டும், 90க்கு இறங்கினால் மறுபடி கொடுக்கும். கிளட்ச் காயில் மூன்று நான்கு ஆம்பியர் இழுப்பதால் நடுவில் ஒரு ரிலேயும் ஃப்யூஸும் போடுங்கள். டேஷ்போர்டில் தனி சுவிட்ச் ஒன்று வைத்தால் வேண்டாத நேரத்தில் ஓடாது. மறுபடி அந்த 'டக்' சத்தம் கேட்கும், இந்த முறை டேங்க் நிரம்பியபின் கிளட்ச் விடுபடும் சத்தம்.

பிரஷர் சுவிட்ச் ஒட்டிக்கொண்டு வெட்டாமல் போனால்? அதற்குத்தான் சேஃப்டி வால்வு. டேங்க் தாங்கும் அளவுக்குக் கீழேயே அது திறந்துகொள்ள வேண்டும். இதில் பணம் மிச்சம் பிடிக்காதீர்கள். பத்து லிட்டர் டேங்க்கில் 120 பவுண்டு காற்று அடைபட்டிருந்தால் அதில் இருக்கும் ஆற்றல், நூறு கிலோ மூட்டை ஒன்று மூன்று மாடி உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். தண்ணீர் அடைத்த டேங்க் வெடித்தால் ஈரமாகும், காற்று அடைத்த டேங்க் வெடித்தால் இரும்புத் துண்டு பறக்கும். பிவிசி குழாயை மூடி போட்டு டேங்க்காகப் பயன்படுத்துவதையும், காலியான ஏசி கேஸ் சிலிண்டரைக் காற்று டேங்க்காக மாற்றுவதையும் பலர் செய்கிறார்கள். இரண்டுமே ஆபத்து. அந்தச் சிலிண்டர்கள் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடச் செய்தவை, தகடு மெலிசு, உள்ளே துரு பிடித்தால் வெளியே தெரியாது. லாரி ஏர் பிரேக் டேங்க் நல்ல நிலையில் கிடைத்தால் அதைப் பொருத்துங்கள்.

டயருக்கு மட்டும் போதும் என்றால் என் கருத்து வேறு: பெரிய டேங்க்கே வேண்டாம். இரண்டு மூன்று லிட்டர் போதும். ஹோஸ் திறந்திருக்கும்போது கம்ப்ரஸர் 35, 40 பவுண்டை எதிர்த்துத்தான் தள்ளுகிறது. மேலே சொன்ன அதே கணக்கில் 280 டிகிரிக்குப் பதில் 165 டிகிரி அளவில்தான் வரும். கம்ப்ரஸரின் ஆயுள் கூடும். காற்று ஸ்பேனர் ஓட்டுவது, ஏர் லாக்கர் (இரு பக்கச் சக்கரங்களையும் சேர்ந்து சுற்றும்படி காற்றால் பூட்டும் சாமான்) இயக்குவது போன்ற வேலைகளுக்குத்தான் 100 பவுண்டுக்கு மேல் சேர்த்துவைக்க வேண்டியிருக்கிறது.

வண்டியில் ஓடிக்கொண்டிருக்கும் ஏசியைப் பிய்த்துக் காற்றுக்கு மாற்றலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நம் வெயிலில் அதை நான் சொல்ல மாட்டேன். அமெரிக்காவிலும் பெரும்பாலும் ஏசி கெட்டுப்போன பழைய வண்டிகளில் மாற்றுவார்கள், அல்லது நான் லிவாவில் பார்த்தது போல இரண்டாவதாக ஒன்றை மாட்டுவார்கள். புதிய கார்கள் பலவற்றில் கம்ப்ரஸரே வேறு. அளவைத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும் வகையில் உள்ளே ஒரு கட்டுப்பாட்டு வால்வு இருக்கிறது. அது கேஸின் அழுத்தத்தைப் பார்த்து நடக்கும், காற்றை ஓட்டினால் குழம்பிவிடும். கிளட்ச்சே இல்லாத மாடல்களும் உண்டு. ஹைபிரிட், மின்சாரக் கார்களில் கம்ப்ரஸர் உயர் மின்னழுத்தத்தில் ஓடுகிறது. அதன் பக்கம் கையே வைக்காதீர்கள்.

பழைய ஏசியைக் கழற்றுவதென்றால் உள்ளே இருக்கும் கேஸை முதலில் ஏசி மெக்கானிக்கிடம் மிஷினில் இழுத்து எடுக்கச் சொல்லுங்கள். நட்டைத் தளர்த்திப் புஸ்ஸென்று விட்டுவிடுவது பல இடங்களில் வழக்கம், ஆனால் தவறு. இப்போது பரவலாக இருக்கும் 134ஏ கேஸ், நூறாண்டு கணக்கில் பார்த்தால் அதே எடையுள்ள கரியமில வாயுவைவிட ஆயிரத்து நானூறு மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும். அதற்கு முந்தைய ஆர்-12 ஓசோன் படலத்தையே அரித்தது, 1987ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் ஒப்பந்தம் அத்தகைய கேஸ்களுக்காக வந்ததுதான். உங்கள் விரலுக்கும் இது நல்லதில்லை. திரவமாக இருக்கும் 134ஏ வெளியே வந்தால் மைனஸ் 26 டிகிரியில் கொதிக்கும், தோலில் பட்டால் உறைந்து புண்ணாகும். கேஸ் கொஞ்சம் மிச்சம் இருக்கும்போது காற்றை அடித்துப் பார்ப்பதும் கூடாது. அழுத்தமும் சூடும் சேர்ந்தால் அந்தக் கலவை தீப்பிடிக்கக்கூடியது. முழுவதும் எடுத்து, குழாயைப் பிரித்து, உள்ளே இருக்கும் பழைய எண்ணெயையும் வடித்த பிறகுதான் அடுத்த வேலை.

இந்தியாவில் செய்பவர்கள் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவையும் மனதில் வைக்க வேண்டும். வண்டியைத் தயாரித்தவர் கொடுத்த விவரத்துக்கு மாறாக மாற்றி அமைப்பதை அது கட்டுப்படுத்துகிறது. இன்ஜினில் இரண்டாவது கம்ப்ரஸர் மாட்டும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸ்காரரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. பண்ணையில் நிற்கும் பழைய இன்ஜினில் வைத்துப் பழகுபவருக்கு இந்தக் கவலை இல்லை, கற்றுக்கொள்ளவும் அதுவே நல்ல இடம்.

எல்லாம் பொருத்தியாயிற்று என்றால் முதல் ஓட்டத்தை ஐடிலில், 30 பவுண்டு வரை மட்டும் செய்யுங்கள். நிறுத்திவிட்டு ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவுங்கள், குமிழி வந்தால் கசிவு. பிறகு 60, பிறகு 90. சேஃப்டி வால்வின் வளையத்தை இழுத்து அது வேலை செய்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

சாயங்காலம் டேங்க் ஆறியதும் அழுத்தத்தை இறக்கிவிட்டு அடியில் இருக்கும் காக்கைத் திறக்க வேண்டும். கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் ஆயிரம் லிட்டரை அழுத்தினால் நாலைந்து டீஸ்பூன் தண்ணீர் டேங்க்கில் சேரும். அதை ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் பிடித்துப் பாருங்கள். தெளிவாக, மேலே லேசாக எண்ணெய் மினுங்கினால் சரி. பால் போலக் கலங்கி வந்தால் கம்ப்ரஸரிலிருந்து எண்ணெய் அதிகமாக வெளியேறுகிறது, பிரிக்கும் ஃபில்டரைக் கவனியுங்கள். கறுப்பாக, தீய்ந்த வாடையோடு வந்தால் உள்ளே எண்ணெய் கருகுகிறது, ஓட்டும் நேரத்தைக் குறைக்க வேண்டும். எண்ணெய்த் தடமே இல்லாமல் வெறும் தண்ணீர் வந்தால் அன்றைக்கே லூப்ரிகேட்டர் கிண்ணத்தைப் பார்த்து நிரப்பிவிட்டு, சொட்டு விழுகிறதா என்று உறுதி செய்த பிறகு மறுபடி சுவிட்சைப் போடுங்கள்.